வாடகை மகளுக்கு உடம்பு சரியில்லை

கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பொய் சொல்வது என் பிழைப்பு. புதிதாகச் சேரப்போகிற பிள்ளைகளையும் அவர்கள் குடும்பத்தையும் ஒருநாள் கூப்பிட்டு, டீ கொடுத்து, வகுப்பறைகளைச் சுற்றிக் காட்டுகிறார்களே, ஓப்பன் ஹவுஸ் என்று, அந்தக் கூட்டத்தில் ஓர் அம்மாவாக நானும் நிற்பேன். வாசலில் யாராவது முகம் பார்த்துச் சிரித்தார்களா, வழிகாட்ட வந்த மாணவன் போனை நோண்டிக்கொண்டே நடந்தானா, பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, ஒரே கேள்வியை இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு பதில் வருகிறதா, எல்லாவற்றையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்து ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு அனுப்ப வேண்டும். கல்லூரி நிர்வாகமே எங்கள் கம்பெனியை அமர்த்தித்தான் இதைச் செய்யச் சொல்கிறது. யார் வரப்போகிறார்கள் என்பது மட்டும் அங்கே ஒருவருக்கும் தெரியாது.

இந்த வேலை செய்து செய்து புத்தியே அப்படி ஆகிவிட்டது. பல் டாக்டரிடம் போனால் வரவேற்புக்கு மூன்று, நாற்காலிக்கு இரண்டு. என் நாத்தனார் வீட்டுக்குப் போனால் டீக்கு ஒன்றரை, அதையும் அவள் ஆற வைத்துக் கொடுத்ததால் ஒன்று. வீட்டுக்காரர் கேட்பார், "எனக்கு எத்தனை போட்டு வெச்சிருக்கே?" என்று. சொன்னால் தாங்க மாட்டார் என்று சொன்னதில்லை.

தனியாக ஒரு பொம்பளை ஓப்பன் ஹவுஸில் சுற்றினால் மோப்பம் பிடித்துவிடுவார்கள். கூட ஒரு பிள்ளை வேண்டும். அதற்காகக் கம்பெனி, நாடகக் குழுவில் இருக்கும் ஒரு பெண்ணை எனக்குக் கொடுத்திருந்தது. நான் அவளை வாடகை மகள் என்றுதான் சொல்வேன். அவளும் வாய் நிறைய அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு, என் பையிலிருந்து பிஸ்கட்டை உரிமையோடு எடுத்துத் தின்பாள். ஒரு சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக அவளிடமிருந்து போன். குரலே வரவில்லை, காய்ச்சல். அடுத்த நிமிடம் எங்கள் மேனேஜரைக் கூப்பிட்டேன். எதற்கும் முழு மார்க் கொடுக்காமல் கிள்ளிக் கிள்ளி எடுப்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் அரைமார்க்.

"இன்னிக்குப் பெரிய காலேஜ். போகலேன்னா நம்ம பேரு போயிடும். உங்க வீட்ல ஒரு பொண்ணு இருக்காளே?" என்றார் அரைமார்க்.

இருக்கிறாள். இருக்கிறாளா என்று மணிக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்.

போன வருடம் அவளை ஒரு கல்லூரியில் சேர்த்தோம். முதல் பருவம் முடியும் முன்பே பெட்டியும் கையுமாக வந்து நின்றாள். என்ன ஆயிற்று என்று கேட்டால், "ஒன்னும் நடக்கலம்மா." யாராவது ஏதாவது செய்தார்களா? "யாரும் ஒன்னும் செய்யலம்மா." நானும் வாயைப் பிடுங்காத விதமில்லை. அவள் அப்பா கெஞ்சிப் பார்த்தார், நான் கத்திப் பார்த்தேன். அந்த ஒரே பதிலோடு அறைக்குள் போனவள்தான். சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், பாதியோடு வெளியே வரும். டாக்டரிடம் அழைத்துப் போனோம். மருந்து கொடுத்தார், எப்படியாவது பேச வையுங்கள் என்றார். அதற்கு மருந்து இருந்தால் நான் ஏன் அவரிடம் போகிறேன்?

பிறகு ஒரு காலை எவ்வளவு தட்டியும் அவள் கதவைத் திறக்கவில்லை. வீட்டுக்காரர் தோளால் மோதித் திறந்தார். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் திறந்துதான் இருந்தது. மடியில் அவருடைய தூக்க மாத்திரைப் புட்டி. மூடி திறக்கவில்லை. மூடியை நான் திருகிப் பார்த்தேன், திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. வீட்டுக்காரர் பஸ் ஷெட்டில் மெக்கானிக். ஒரு வார்த்தை பேசாமல் போய்த் தன் கருவிப் பெட்டியை எடுத்து வந்தார். அவள் அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி, திருகாணிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அதைப் பற்றி நாங்கள் மூவரும் அதற்குப் பிறகு பேசியதே இல்லை. தாழ்ப்பாள் இல்லாத கதவு சரியாகச் சாத்திக்கொள்ளாது, ஒரு விரல் இடைவெளி விட்டு நிற்கும். அந்த இடைவெளியில் வாயை வைத்து நான் கேட்பேன்.

"இருக்கியா?"

"ம்."

அந்த ஒரு எழுத்துதான் என் சோறு, தூக்கம் எல்லாம்.

அன்றைக்கும் இடைவெளிக்கு முன்னால் போய் நின்றேன். "வாடகை மகளுக்கு உடம்பு சரியில்லடி. நீ வரியா?"

இடைவெளியை இன்னும் நெருங்கினேன்.

"நீ படிக்க வேணாம். சேர வேணாம். சேரப்போற பொண்ணு மாதிரி நடிச்சாப் போதும். மத்தியானத்துக்குள்ள வந்துடலாம். அம்மாவோட வேலை போயிடும் கண்ணு."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கதவு திறந்தது. தலை சிக்குப் பிடித்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, பார்க்கச் சகிக்கவில்லை.

"சும்மா நடிப்புதானே?" என்றாள்.

"சத்தியமா நடிப்புதான்."

"அப்போ தலைக்குக் குளிக்கணும்," என்றாள்.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டு வீட்டுக்காரர் கையில் டம்ளரோடு ஓடி வந்தார். இரண்டு பேரும் குளியலறைக் கதவுக்கு வெளியே, திருடப் போனவர்கள் மாதிரி மூச்சு விடாமல் நின்றோம். குளியலறைத் தாழ்ப்பாளின் திருகாணிகளும் அவர் பையில்தான் இருந்தன.

பஸ்ஸில் விதிகளைச் சொல்லிக் கொடுத்தேன். சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. சொந்தக் கதையைச் சொல்லக் கூடாது. நான் கைப்பையை இடது தோளுக்கு மாற்றினால் கிளம்ப வேண்டும். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். வாசலில் பெயர் எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொள்ள ஸ்டிக்கர் கொடுத்தார்கள். என் மகள் பேனாவை வாங்கி, ஒரு நொடி யோசித்து, எங்கள் பக்கத்து வீட்டு நாயின் பெயரை எழுதி ஒட்டிக்கொண்டாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை.

அதன் பிறகு நடந்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. வழிகாட்டி மாணவி நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் சட்டென்று திரும்பிச் சிரித்தாள். ஹாஸ்டல் எத்தனை மணிக்கு மூடுவார்கள், நூலகத்தில் படுத்துத் தூங்கினால் எழுப்புவார்களா என்றெல்லாம் கேட்டு அந்தப் பெண்ணையும் சிரிக்க வைத்தாள். கம்ப்யூட்டர் துறை மேஜையில் பலூன் கொடுத்ததால் கூட்டம் அங்கே மொய்த்தது. கோடியில், தாவரவியல் மேஜையில், ஒரு வாத்தியார் மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு ஈயோட்டிக் கொண்டிருந்தார். என் மகள் நேராக அவரிடம் போனாள்.

"வெங்காயத் தோல்," என்றார் அவர், யாராவது வந்தார்களே என்ற அவசரத்தில். "பாரும்மா. ஒவ்வொரு கட்டமும் ஒரு செல்."

குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். "சார், இதெல்லாம் உயிரோட இருக்கா?"

"சாயம் போடற வரைக்கும் இருந்துச்சு. சாயம் போடலேன்னா கண்ணுக்கே தெரியாதும்மா."

"அப்போ சாயம் போடாம ஒன்னு காட்டுங்க சார். தெரியலேன்னாலும் பரவாயில்ல."

வாத்தியார் முகம் மலர்ந்துவிட்டது. பையிலிருந்து இன்னொரு வெங்காயத்தை எடுத்து, நகத்தால் தோலை உரித்து, அவள் கையிலேயே கண்ணாடித் துண்டைக் கொடுத்தார். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு, இப்போ தெரியுது, ஓரத்தில் ஒரு கோடு தெரியுது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் சிரித்த சிரிப்பு மண்டபம் தாண்டிக் கேட்டது. நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். என் பெண் திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அந்தக் கல்லூரிச் சுவரில் கரப்பான் ஓடியிருந்தாலும் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன். போட்டும்விட்டேன். வரவேற்புக்கு ஐந்து, வழிகாட்டலுக்கு ஐந்து, கழிப்பறைக்கு, எட்டிக்கூடப் பார்க்காமல், ஐந்து.

அதோடு விட்டேனா? அவள் தண்ணீர் குடிக்கப் போன சமயம் வாத்தியாரிடம் ஓடினேன். "சார், நிஜமாவே இடம் இருக்கா?"

"எங்க துறைலயா? இடம் மட்டும்தாம்மா இருக்கு," என்றார் அவர். என் சொந்த போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் செய்யாத காரியம்.

திரும்பும் பஸ்ஸில் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. "அந்த வெங்காய வாத்தியாரைக் கேட்டேன்டி. இடம் இருக்காம். நீ சரின்னு சொன்னா நாளைக்கே..."

அவள் மெல்லத் திரும்பினாள். காலையிலிருந்து அவள் முகத்தில் இருந்ததெல்லாம் என் கண்ணெதிரே வடிந்து போனது.

"அம்மா. அது நடிப்பு."

"தெரியும். ஆனா நீ எவ்வளவு..."

"நீதானே சொன்னே, சத்தியமா நடிப்புன்னு. அதனாலதான் வந்தேன்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சட்டையிலிருந்து ஸ்டிக்கரை உரித்து, இரண்டாக மடித்து, என் மடியில் வைத்தாள். வீடு வந்ததும் அறைக்குள் போனாள். கதவு ஒரு விரல் இடைவெளியில் நின்றது.

மனிதர்களை எடை போட்டுப் பிழைக்கிறவள் நான். யார் நடிக்கிறார்கள், யார் மனசாரப் பேசுகிறார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வேன் என்று பீற்றிக்கொள்கிறவள். பெற்ற பெண்ணிடம் ஏமாந்தேன், அதுவும் நானே சொல்லிக் கொடுத்த நடிப்பில்.

அந்த வாரம் தட்டு போனபடியே திரும்பி வந்தது. வீட்டுக்காரர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் வெடித்தார். "அவளைக் கூட்டிட்டுப் போய் எதுல கொண்டு நிறுத்தினே? இருந்ததும் போச்சு!" நான் திருப்பிக் கத்தினேன், நீங்க என்ன கிழிச்சீங்க, தாழ்ப்பாளைத்தானே கழற்றினீங்க என்று. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனார். அந்தத் திருகாணிகளை அவர் தினமும் சட்டை மாற்றும்போது பை மாற்றி வைத்துக்கொள்வது எனக்குத் தெரியும்.

"இருக்கியா?" என்று கேட்டேன், தட்டை எடுக்கும்போது.

"ம்" வரவில்லை. கதவைத் தள்ளப் போனேன். அப்போது உள்ளேயிருந்து கேட்டாள்:

"அடுத்தது எப்போ?"

"என்னது?"

"அடுத்த காலேஜ். நடிக்கறது."

"சனிக்கிழமை," என்றேன், யோசிக்காமல். யோசித்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கூடத்துக்குப் போய் அரைமார்க்கைக் கூப்பிட்டேன். அவரே கூப்பிட இருந்தாராம். "என்னம்மா ரிப்போர்ட் இது? எல்லாத்துக்கும் அஞ்சு. கழிப்பறைக்கு அஞ்சா? அங்க பாதிக் கதவே இல்லைன்னு போன தடவை எழுதினதே நீங்கதான்!"

"சார், அது இருக்கட்டும். சனிக்கிழமை ஏதாவது இருக்கா? எவ்வளவு தூரமானாலும் போறேன்."

"கேட்டுக்கோங்க. காலேஜ்ல இருந்து போன் வந்துச்சு. தாவரவியல் வாத்தியார் உங்க நம்பரைக் காட்டி, ஒரு அம்மா சேர்க்க வராங்கன்னு சந்தோஷமாச் சொல்லியிருக்கார். இது உங்க ஆளான்னு கேட்டாங்க, நம்ம ஆபீஸ்ல பார்த்தா உங்க சொந்த நம்பர். மார்க் போட அனுப்பினா, நீங்க அம்மாவாவே போயிட்டு வந்திருக்கீங்க."

"சார், இன்னும் ஒரே ஒரு தடவை. காசு வேண்டாம் சார். என் பொண்ணு..."

"உடம்பைப் பார்த்துக்கோங்க," என்று வைத்துவிட்டார். அந்தச் சொல்லில் அரை மார்க் அளவுக்குக்கூட அக்கறை இல்லை.

ஆக வேலை போயிற்று. ஆனால் சனிக்கிழமை வந்துகொண்டிருந்தது. தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் கேட்டு, எந்தக் கல்லூரியிலாவது ஓப்பன் ஹவுஸ் உண்டா என்று துருவினேன். எல்லா இடத்திலும் முடிந்துவிட்டது. கடைசியில் ஊருக்கு வெளியே, லாரி நிறுத்துமிடத்தைத் தாண்டி ஒரு சின்னக் கல்லூரி, ஆள் சேராததால் மறுபடி ஒன்று வைக்கிறது என்று தெரிந்தது. மார்க் போடும் காகிதங்கள் இருந்த பழைய கோப்பைத் தூசி தட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன், வேலைக்குப் போகிறவள் மாதிரி. என் மகள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து நின்றாள்.

அந்தக் கல்லூரியைப் பார்த்ததும் மனசு விட்டுப்போயிற்று. வழிகாட்டும் பலகை ஒன்றுகூட இல்லை. வாசலில் வாட்ச்மேன், "இன்னிக்கா?" என்று எங்களையே கேட்டார். மண்டபத்தில் பாதி விசிறி சுற்றவில்லை, ப்ரொஜெக்டரில் படம் தலைகீழாக வந்தது. வந்திருந்தவை சில குடும்பங்கள்தான். முகத்தில் ஈயாடாமல் உட்கார்ந்திருந்தார்கள். உலகத்தில் இத்தனை கல்லூரி இருக்க இதற்கா அவளைக் கொண்டு வந்தேன் என்று என்னையே நொந்துகொண்டேன்.

மேஜையில் ஸ்டிக்கர் கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஒரு கையில் மாவுக்கட்டு. என் மகள் பேனாவை வாங்கினாள். இந்தத் தடவை எந்த நாய் என்று எட்டிப் பார்த்தேன்.

தன் பெயரை எழுதியிருந்தாள். அவள் பிறந்த அன்று நானும் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரியிலேயே சண்டை போட்டு, அவர் பிடிவாதம் ஜெயித்து வைத்த பெயர். விதி ஒன்று, சொந்தப் பெயர் கூடாது. வாயைத் திறக்கப் போய் மூடிக்கொண்டேன்.

முதல்வர் பெற்றோர்களிடம் பேசுவாராம், பிள்ளைகள் மாடியைச் சுற்றிப் பார்க்கலாமாம். மாவுக்கட்டுப் பெண் ஒவ்வொருவர் சட்டையையும் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழைத்துப் போனாள். என் மகள் போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. முதல்வர் காகிதத்தைப் பார்த்து ஒழுக்கம், எதிர்காலம் என்று படித்துக்கொண்டே போனார். உப்புச் சப்பில்லாத அந்தப் பேச்சில் ஒரு சொல்கூட எனக்குள் இறங்கவில்லை.

பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என் பெண் இல்லை.

"என் பொண்ணு எங்கம்மா?" என்றேன் மாவுக்கட்டுப் பெண்ணிடம்.

"பின்னாடியே வந்தாங்களே ஆன்ட்டி..." அவளும் திரும்பிப் பார்த்தாள்.

அதற்கு மேல் எனக்கு நின்று பேசத் தெரியவில்லை. ஓடினேன். வாழ்க்கை முழுக்கக் கல்லூரிக் கட்டடங்களைப் பார்த்தவள். படிக்கட்டு எங்கே முடியும், மொட்டை மாடிக் கதவு எங்கே இருக்கும், அதை யாரும் பூட்ட மாட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பாதுகாப்புக்கு ஐந்துக்கு ஒன்று என்று எத்தனை இடத்துக்கு எழுதியிருப்பேன்! செருப்பு எங்கோ கழன்றது. மேலே மொட்டை மாடிக் கதவு திறந்துதான் கிடந்தது. வெளியே வெயில், காலி பெயின்ட் டப்பா, கைப்பிடிச் சுவர். சுவர் இடுப்பளவுகூட இல்லை. கடவுளே, கீழே எதுவும் இருக்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போய்ப் பார்த்தேன். கீழே ஒரு சைக்கிள் நின்றது. யாரோ துவைத்த துணி காய்ந்தது. வேறு ஒன்றும் இல்லை.

இறங்கி ஒவ்வொரு வகுப்பறையாகக் கதவைத் தள்ளினேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். தாழ்வாரத்தின் கடைசி அறையில், கடைசி பெஞ்சில், கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"உட்கார்ந்து பார்த்தேன்மா," என்றாள். "உட்கார முடியுதான்னு."

"சொல்லிட்டு உட்காரக் கூடாதாடி?"

"வேலை நேரத்துல ஏன் தொந்தரவுன்னுதான்." என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்கதானே? நீ கூடத்துல பேசினது கேட்டுச்சு. தாழ்ப்பாள் இல்லாத கதவும்மா. எல்லாம் கேக்கும்."

"தெரிஞ்சேவா வந்தே?"

"நீ எனக்காக வேலைக்குப் போற மாதிரி நடிச்சே. கோப்பெல்லாம் எடுத்து வெச்சே. நான் வரலேன்னா நல்லா இருக்குமா?" மேஜைமேல் யாரோ கீறி வைத்திருந்த கோட்டை விரலால் தடவினாள். "நீ நல்லாத்தான் நடிக்கிறேம்மா."

நான் வெறுங்காலில் ஒட்டிய மண்ணைத் துடைத்தேன்.

"அந்த மாவுக்கட்டு இருக்கால்ல, படிக்கட்டுல நான் பின்தங்கிட்டேன். திரும்பி வந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா." மேஜைக் கீறலிலிருந்து விரலை எடுத்தாள். "போன வருஷம் சேர்ந்த காலேஜ்ல என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லம்மா. போன நாள்ல இருந்து வந்த நாள் வரைக்கும். யாரும் திட்டல, கிண்டல் பண்ணல. சாப்பிடறப்போ, பஸ்ல, கிளாஸ்ல, நான் இருக்கறது ஒருத்தருக்கும் தெரியல. அப்புறம் எனக்கே தெரியல. என்ன நடந்துச்சுன்னு நீங்க கேக்கறப்போ நான் பொய் சொல்லல. ஒன்னும் நடக்கல."

ஒரு வருடமாக அவள் சொன்ன பதில்தான். எனக்கு அன்றுதான் காதில் விழுந்தது. எழுந்து அவளிடம் போனேன். கையை நீட்டித் தடுத்தாள்.

"அம்மா, ஒன்னு கேக்கட்டுமா? நீ வெளிய நில்லு. நான் இந்தக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கறேன்."

அந்தக் கதவில் தாழ்ப்பாள் இருந்தது. இரும்பில், நீளமாக, உள்பக்கம்.

"வேணாம்டி. வேற என்ன வேணாலும் கேளு. அப்பா..."

"அப்பா கழட்டினதுல இருந்து நான் எந்தக் கதவையும் பூட்டினதும் இல்ல, திறந்ததும் இல்ல. நானே போட்டு, நானே திறந்துட்டு வரணும். ஒரே ஒரு தடவை." அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "நீ நம்பாட்டியும் பரவாயில்ல. நம்பற மாதிரி நடிச்சாப் போதும்."

நான் அறையைப் பார்த்தேன், மார்க் போடுகிறவளின் கண்ணோடு. ஜன்னலில் கம்பி. மின்விசிறி உயரத்தில். பெஞ்சுமேல் ஏறினால் எட்டும். இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஏன் வந்தேன் என்று யாராவது கேட்டால்? அவள் கேட்டாள், அவ்வளவுதான்.

கதவு சாத்திக்கொண்டது. இடைவெளி இல்லாமல் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் நழுவி விழும் சத்தம் என் எலும்புக்குள் கேட்டது.

உள்ளங்கையைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே பெஞ்சு நகர்ந்ததா, இல்லை கீழே யாராவது நாற்காலி இழுத்தார்களா, தெரியவில்லை. மாவுக்கட்டுப் பெண் கையில் என் செருப்போடு படியேறி வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள். தட்டப் போன கையை மறுபடி கதவிலேயே வைத்தேன். இருக்கியா என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கேட்டால் நான் நம்பவில்லை என்று ஆகிவிடும். பல்லைக் கடித்து விழுங்கினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவுக்கு அந்தப் பக்கம், நான் கை வைத்திருந்த இடத்துக்கு மிகப் பக்கத்தில், அவள் குரல் கேட்டது.

"அம்மா, இருக்கியா?"

இடைவெளி இல்லாத கதவில் வாயை வைத்தேன்.

"ம்," என்றேன்.